முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் மூட்டு மாற்று: மருத்துவரைத் தேடுவது எப்படி?

கேள்வி இது: அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துவிட்டன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. இத்தனை நாள் பார்த்துவந்த எலும்பு மருத்துவர், "ஆபரேஷன்தான் வழி, ஆனால் இந்த கார்டுக்கு இங்கே செய்வதில்லை" என்று சொல்லிவிட்டார். கார்டை ஏற்றுக்கொள்ளும் நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படுவது மருத்துவமனை. மருத்துவர் தனியாகச் சேர முடியாது. மருத்துவமனையையும் மொத்தமாகச் சேர்ப்பதில்லை, துறை துறையாகத்தான் சேர்க்கிறார்கள். இதய சிகிச்சைக்கு கார்டை ஏற்கும் ஒரு மருத்துவமனை எலும்புத் துறைக்குப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். எலும்பு முறிவுக்குச் செய்கிற இடத்தில் மூட்டு மாற்று செய்யாமலும் இருக்கலாம். ஆகவே, "கார்டு எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "எடுப்போம்" என்றே பதில் வரும். போய் இறங்கிய பிறகுதான் உங்களுக்கு வேண்டிய சிகிச்சை அங்கே இல்லை என்று தெரியும்.

இதிலிருந்து வரும் முதல் வேலை, உங்கள் மருத்துவரிடமே இன்னொரு கேள்வி கேட்பது. "சார், நீங்கள் வேறு எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறீர்கள்? அங்கே இந்த கார்டு செல்லுமா?" எலும்பு மருத்துவர்கள் பலர் இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்கிறவர்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக கிளினிக் நடத்துவதும் வழக்கம். மாலையில் கிளினிக்கில் பார்க்கும் அதே மருத்துவர் காலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூனிட் சீஃபாக, அதாவது ஒரு மருத்துவர் குழுவின் தலைவராக, இருக்கலாம். அப்படியானால் அவர் எந்தெந்தக் கிழமை ஓபி பார்க்கிறார் என்று கேட்டு நேராக அங்கேயே போய்விடலாம். நோயாளியை ஏற்கெனவே அறிந்த மருத்துவரே தொடர்வது பெரிய வசதி.

அடுத்தது அட்டை உண்மையில் செல்லுமா என்று பார்ப்பது. பலரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். அட்மிஷன் நாளில் கலங்கிப்போகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது இந்தத் திட்டம். குடும்பம் என்பதை ரேஷன் அட்டையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அம்மாவின் பெயரை எப்போதோ ஒரு அண்ணன் வீட்டு ரேஷன் அட்டைக்கு மாற்றியிருந்தால் உங்கள் காப்பீட்டு அட்டையில் அவருக்குச் சிகிச்சை கிடைக்காது. ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் அட்டையில் வேறு இனிஷியல், எக்ஸ்ரேயில் வேறு எழுத்து என்று இருந்தாலும் அனுமதி இழுத்தடிக்கும். திட்டத்தின் இணையதளமான சிஎம்சிஹெச்ஐஎஸ்டிஎன் டாட் காமில் அட்டை விவரத்தைச் சரிபார்க்கலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லியும் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் அசலோடும் நகலோடும் கொண்டுபோங்கள். மூட்டு மாற்று அவசர சிகிச்சை இல்லை என்பதால் இதை முடித்துவிட்டே மருத்துவமனைக்குப் போவது நல்லது.

2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இது இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது உச்சவரம்பு. ஒரு ஆளுக்கு 5 லட்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பாவுக்கு இதே ஆண்டில் பைபாஸ் நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகை முழுவதும் உங்கள் சிகிச்சைக்குக் கிடைக்கும் என்றும் இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை நிர்ணயித்திருக்கிறார்கள், மருத்துவமனைக்குப் போவது அதுதான். சில தனியார் மருத்துவமனைகள் பட்டியலில் இருந்தும் மூட்டு மாற்றுக்குத் தயங்குவதற்குக் காரணம், அந்தத் தொகைக்குள் மூட்டு, அறை, மருந்து எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பது.

இப்போது மருத்துவமனைப் பட்டியல். இணையதளத்தில் மாவட்டவாரியாகவும் துறைவாரியாகவும் பட்டியல் இருக்கிறது. எலும்புத் துறையைத் தேர்ந்தெடுத்து உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து இரண்டு மாவட்டங்களையும் பாருங்கள். கிடைக்கும் பெயர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் விவரம் கேட்காமல், "காப்பீட்டுத் திட்டப் பிரிவுக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது இப்படி: "முழங்கால் மூட்டு முழுவதுமாக மாற்றும் ஆபரேஷன், முதலமைச்சர் காப்பீட்டில் இப்போது செய்கிறீர்களா? கடந்த மாதம் செய்தீர்களா? எந்த டாக்டர் செய்கிறார், அவர் எந்த நாள் ஓபி பார்க்கிறார்? முன்பரிசோதனைகளுக்குக் கையிலிருந்து எவ்வளவு செலவாகும்?" இதில் "கடந்த மாதம் செய்தீர்களா?" என்பதற்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும் இடத்தையும் உண்மையில் வேலை நடக்கும் இடத்தையும் அந்த ஒரு பதிலிலேயே பிரித்துவிடலாம்.

தனியாரை மட்டும் தேடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூட்டு மாற்று நடக்கிறது. சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையின் எலும்பியல் துறை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி மருத்துவமனை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என எந்தத் திசையில் இருந்தாலும் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே பேராசிரியர் தலைமையில் பல யூனிட்டுகள் இருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனி ஓபி நாள் உண்டு. முதல் தடவை எந்த யூனிட்டில் சீட்டு போடுகிறீர்களோ அதே யூனிட்டில்தான் தொடர வேண்டியிருக்கும். அதனால் மூட்டு மாற்று அதிகம் செய்யும் யூனிட் எது, அதன் ஓபி எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, அந்தக் கிழமை காலையில் சீக்கிரமே போய்விடுங்கள்.

அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, கார்டு எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கொண்டுபோக வேண்டும். அரசு மருத்துவமனைக்கும் இந்தத் திட்டத்திலிருந்து பணம் வருகிறது; விலை கூடிய செயற்கை மூட்டு போன்றவற்றை வாங்க அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளில் மட்டுமே செய்ய முடியும் என்று திட்டத்திலேயே ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். தனியாரில் "இது வராது" என்று சொன்னால், "அரசு மருத்துவமனையில் வருமா?" என்று 1800 எண்ணில் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் இருக்கும் உண்மையான சிரமம் காத்திருப்பு. விபத்து நோயாளிகள் வந்தால் அவர்களுக்குத்தான் தியேட்டரில் முன்னுரிமை. குறித்த தேதி ஒன்றிரண்டு முறை தள்ளிப்போகலாம். துணைக்கு ஒரு ஆள் முழு நேரமும் வேண்டும். இவற்றுக்குத் தயாராகப் போனால், அங்கே கிடைக்கும் கைத்திறன் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைந்ததில்லை.

மருத்துவமனை இரண்டு மூன்றாகச் சுருங்கிய பிறகு மருத்துவரைப் பற்றி யோசிக்கலாம். எம்எஸ் ஆர்த்தோ, டிஎன்பி ஆர்த்தோ, டி ஆர்த்தோ மூன்றுமே எலும்பு மருத்துவப் படிப்புகள்தாம். மூட்டு மாற்றுக்குப் படிப்பின் பெயரைவிட அந்த மருத்துவர் எதை அதிகம் செய்கிறார் என்பது முக்கியம். ஒருவர் முதுகெலும்பு, ஒருவர் கை, ஒருவர் குழந்தைகளின் எலும்பு என்று பிரிந்து பழகியவர்கள் அவர்கள். "டாக்டர், ஒரு மாதத்தில் எத்தனை மூட்டு மாற்று செய்வீர்கள்? அம்மாவுக்கு நீங்களே செய்வீர்களா? எந்த கம்பெனி மூட்டு வைப்பீர்கள்? ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாள் நடக்க வைப்பீர்கள்? கிருமித் தொற்று வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதில் தவறே இல்லை. அறுவை சிகிச்சைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாக்கரோடு நடக்க வைப்பதுதான் இன்றைய நடைமுறை. ஒரு வாரம் படுக்கையிலேயே வைத்திருப்போம் என்றால் ஏனென்று கேளுங்கள்.

ஆபரேஷன் இப்போதே வேண்டுமா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி அகலமாகத் தெரிந்து, தேய்மானம் குறைவு என்ற தோற்றம் வரும். காப்பீட்டு அனுமதி திரும்பி வருவதற்கும் இது ஒரு காரணமாகிறது. நின்றபடி எடுத்த படத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டியிருக்கிறது, இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை, தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் மாத்திரையும் போதவில்லை என்றால் மூட்டு மாற்றுக்கு நேரம் வந்துவிட்டது. எக்ஸ்ரே மோசமாக இருந்தும் அம்மா கடைத்தெருவுக்கு நடந்து போய்வருகிறார் என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. சிறு துளை போட்டு மூட்டைக் கழுவிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் தேய்மான மூட்டுக்கு அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தோலில் மட்டும் கீறிவிட்ட பொய் அறுவை சிகிச்சையைவிட அது மேலான பலன் தரவில்லை என்று 2002-லேயே அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த ஆய்வு காட்டிவிட்டது.

ஆபரேஷன் தேதி தள்ளிப்போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மூட்டில் இருப்பதில்லை. சர்க்கரைதான் முதல் காரணம். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் கத்தி வைக்கமாட்டார்கள். கிருமித் தொற்று அபாயம் கூடுகிறது. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் விரலிடுக்குப் புண் இவற்றிலிருந்தும் கிருமி ரத்தத்தின் வழியே புது மூட்டுக்குப் போய்ச் சேரும். ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து ஏற்றச் சில வாரங்கள் ஆகும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை சாப்பிட்டால் எதை எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரைத் தேடும் இந்த வாரங்களிலேயே சர்க்கரையையும் பல்லையும் சரிசெய்யத் தொடங்கிவிட்டால், பிறகு காத்திருக்கும் நேரம் மிச்சம்.

அனுமதி வாங்கும் வேலை மருத்துவமனையுடையது. நோயாளியின் படம், அட்டை, ஆதார், எக்ஸ்ரே, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை அவர்கள் கணினியில் ஏற்றுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது கூடுதல் விவரம் கேட்பார்கள். "இன்னும் அப்ரூவல் வரவில்லை" என்று நாட்கள் போனால், "கேள்வி ஏதாவது வந்திருக்கிறதா, என்ன கேட்டிருக்கிறார்கள்?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பல சமயம் ஒரு எக்ஸ்ரே நகலோ பெயர்த் திருத்தமோதான் பாக்கி இருக்கும். ஒருவேளை மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: இந்தத் திட்டத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வழியில்லை. "முதலில் கட்டுங்கள், கார்டு பணம் வந்ததும் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் அட்மிட் ஆகாதீர்கள். இரண்டு முழங்காலுக்கும் என்றால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி எப்படி வாங்குவார்கள், இரண்டுக்கும் நடுவே எத்தனை வாரம் விடுவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

அனுமதி வந்த பிறகும் சில இடங்களில் ஒரு பேச்சு வரும்: "கார்டில் வருவது சாதாரண மூட்டு. இன்னும் கொஞ்சம் கட்டினால் இம்போர்ட்டட் போடலாம்." அனுமதி பெற்ற பேக்கேஜுக்குள் மூட்டு, அறுவை சிகிச்சை, படுக்கை, மருந்து எல்லாம் அடக்கம். மேலே பணம் கேட்கக் கூடாது என்பது திட்ட விதி. விலையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்தது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். இந்த கோபால்ட் குரோமியம் மூட்டு எந்த வகையிலும் மட்டமானது இல்லை. உலகம் முழுவதும் மிக அதிக ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்து பரிசோதிக்கப்பட்டது. பணம் கேட்டால் 1800 425 3993-இல் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம். மாவட்ட அளவில் இந்தத் திட்டத்தின் குறைகளை விசாரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். கட்டிய எந்தத் தொகைக்கும் ரசீது இல்லாமல் இருக்காதீர்கள்.

தேய்மானத்துக்குச் சொன்ன இந்த நிதானம் எலும்பு முறிவுக்குப் பொருந்தாது. வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை ஊன்ற முடியாமல், கால் சற்றுக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 108-ஐ அழைத்து, எலும்பு அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. தாமதம் ஆக ஆக நுரையீரல் தொற்று, படுக்கைப் புண், கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டு எல்லாம் வரிசையாக வரும். வயதானவர்களின் உயிர் போவது பெரும்பாலும் இவற்றால்தான். இங்கே நல்ல மருத்துவரைத் தேடி ஒரு வாரம் கழிக்காதீர்கள். சரியான நேரத்தில் செய்கிறவரே நல்ல மருத்துவர். நாட்டு வைத்தியக் கட்டுப் போடும் இடங்களுக்குக் கொண்டுபோவதையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். இடுப்பு முறிவுக்கு எந்த வெளிக்கட்டும் பிடிமானம் தராது. கை கால் முறிவில் இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை அழுகத் தொடங்கிவிடும். கட்டுக்குக் கீழே விரல் மரத்துப்போனாலோ, நீலமானாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தாலோ கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சாலை விபத்து என்றால் கணக்கே வேறு. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் இது உண்டு. காப்பீட்டு அட்டை, வருமானம், எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி எதுவும் கிடையாது. அட்டையைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டாம். 48 மணி நேரம் முடிந்த பிறகு முதலமைச்சர் காப்பீட்டில் தொடர முடியுமா என்பதை இரண்டாம் நாளே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, அட்டையை அதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது ஆலையிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்த வழியையும் பாருங்கள். அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் அடக்கம். அங்கே முதலில் ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்புச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போனால் செலவு உங்கள் தலையில் விழும். அரசு ஊழியர், ஓய்வூதியர் காப்பீடு வேறு அட்டை, வேறு பட்டியல். முதலமைச்சர் காப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து அதற்குப் போகக் கூடாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் கம்பெனி, அளவு, பேட்ச் எண் இருக்கும். 15 ஆண்டு கழித்து மூட்டைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தால், உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த மருத்துவர் தடுமாறாமல் இருக்க உதவுவது அதுதான். டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் மருந்து கார்டில் வரும், தையல் பிரிக்கவும் பிசியோதெரபிக்கும் எங்கே வர வேண்டும் என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரம் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யாவிட்டால், எவ்வளவு நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் மூட்டு விறைத்துவிடும். தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல், ஆபரேஷன் செய்த அதே யூனிட்டுக்கு அன்றைக்கே போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழைத்துப் பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.